மாலைக்கு முந்தின நாட்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ரோடெல்லாம் கறுப்பு வேட்டிதான். தேனியில் தொடங்கி கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், அப்புறம் மலையேறிக் குமுளி என்று வேனும் பஸ்ஸும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். டீக்கடையில் டீ கேட்கிறவரும் சாமி, டீ ஆற்றுகிறவரும் சாமி, பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுகிற கண்டக்டரும் சாமி. வருஷா வருஷம் பார்க்கிற காட்சிதான். ஆனாலும் முதல் கறுப்பு வேட்டி கண்ணில் பட்டதும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். நாங்கள் போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். அதனால் எனக்கு ஐயப்பன்மேல் கோபம் என்று என் தங்கை கேலி செய்வாள். அவர்மேல் எனக்கு என்ன கோபம்? அவர் பாவம், மலைமேல் தன்பாட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம், நான் நர்ஸாக வேலை பார்த்த இடத்தில் இப்போது இருக்கிற சிஸ்டர் போன் செய்தாள். "அக்கா, ஒரு ஆளு மாலை போட்டுட்டு வந்துருக்காரு. ரத்தத்துல நோய் இருக்கு. வீட்டுல கூட்டிட்டு வாங்கன்னா, அதான் மாலை போட்டுட்டேன்ல, இனிமே என்ன பயம்ங்கிறாரு. என்ன சொல்லட்டும்?" என்றாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதைப் போனிலேயே சொல்லிவிட்டேன். வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் முகம் வந்து எதிரே நின்றுகொண்டது. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆஸ்பத்திரி எந்த ஊர் என்பது வேண்டாம். பள்ளத்தாக்கில் ஒரு அரசு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ் படிப்பு மதுரையில். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஹாஸ்டல் சாம்பாரையும் ஒரு வார்டனையும் தவிர எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை. பிரசவ வார்டில் பல வருஷம் இருந்தேன். அப்புறம் ஒருநாள் பால்வினை நோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கள் அம்மா சர்ச்சில் கேட்கிறவர்களிடமெல்லாம் "மக தோல் வார்டுல இருக்கா" என்று சொல்லிச் சமாளித்தாள். தோலோடு சம்பந்தப்பட்டதுதானே, முழுப் பொய் இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

வாசலில் போர்டு அழகான பெயரோடுதான் தொங்கியது. ஜனங்களுக்கு அது 'கடைசி ரூம்'. எக்ஸ்ரே ரூமைத் தாண்டி நடந்தால் எங்கள் ரூமைத் தவிர வேறு எதுவும் கிடையாது என்பதால், வருகிறவர்கள் எக்ஸ்ரே வாசலில் நின்று நோட்டீஸ் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களும் படிப்பார்கள். ஆள் நடமாட்டம் குறைந்ததும் சட்டென்று உள்ளே வருவார்கள். வந்து உட்கார்ந்தும் நேராகச் சொல்ல மாட்டார்கள். ஆண்களுக்கு உடம்பு சூடு, நீர்க்கடுப்பு, இல்லாவிட்டால் முட்டிவலி. பெண்களுக்குத் தலைசுற்றல். இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் எல்லாம் முடிந்து, எதற்கும் அடங்காத பிறகுதான் எங்களிடம் வருவார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் ஒல்லியான மனிதர், குரலும் ஒல்லி. ஆள் வந்து உட்கார்ந்ததும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். மணி பார்க்கிறார், நம்மைத் துரத்துகிறார் என்று வந்தவருக்குத் தோன்றிவிடக் கூடாதாம். மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். அந்த ரூமில் ஒரு சொல்லுக்கு மட்டும் தடை உண்டு: தப்பு. நாங்களும் சொல்லக் கூடாது, வருகிறவர்கள் சொன்னாலும் நிறுத்திவிடுவார். ஒருமுறை ஒரு பயிற்சி மாணவி வந்தவரிடம் "இப்பிடித் தப்பு பண்ணலாமா" என்று கேட்டுவிட்டாள். டாக்டர் சத்தம் போடவில்லை. அன்று முழுக்க அவளைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, வந்த ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சாயங்காலம் அவளே வந்து மன்னிப்புக் கேட்டாள்.

மாலை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், அது தெரியாமல் மீதி புரியாது. எங்கள் மருத்துவத்தில் மருந்து பாதி, விலகியிருப்பது பாதி. ஊசி போட்டுச் சரியாகும்வரை மனைவியைத் தொடக் கூடாது. ஆனால் வீட்டில் என்ன காரணம் சொல்வது? ஆணுறையை எடுத்துப் போனால் அன்றைக்கே பஞ்சாயத்து. இதற்கு எங்கள் பக்கத்து ஆண்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கார்த்திகையை ஒட்டி நோய் வந்தால் போய் மாலை போட்டுக்கொள்வார்கள். மாலை போட்டால் விரதம், தனிப்பாய், தனித்தட்டு. மனைவியே 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள், ஏன் விலகிப் படுக்கிறாய் என்று கேட்க மாட்டாள். ஊரிலும் மரியாதை. "நம்ம ஆணுறைய விட அந்தத் துளசி மணிக்குத்தான் சிஸ்டர் செல்வாக்கு" என்று டாக்டர் சிரிப்பார். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான் திங்கட்கிழமை வந்து, "சாமி, அந்த எடத்துல இன்னும் எரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். பெண் தொடக் கூடாது என்பதால் மாலை போட்டவர்களுக்கு ஊசி போட மட்டும் பக்கத்து வார்டிலிருந்து ஆண் நர்ஸ் வருவார்.

சுருளிவேல் முதலில் வந்தபோது மாலை இல்லை. ஐப்பசி கடைசி, மழைக்காலம். வாட்டசாட்டமான ஆள், சொந்த ஜீப். விடிகாலையில் பெண் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் விட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு இறங்குவார்.

"என்ன செய்யுது?" என்று டாக்டர் கேட்டார்.

"முட்டி வலி சார். கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு..."

"முட்டிக்கு எதுத்தாப்புல பில்டிங்கு. இங்கன எதுக்கு வந்தீக?"

கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். "ஒரு புண்ணு சார். வலிக்கல. வலிக்கலங்குறதுதான் பயமாருக்கு. ஒரே ஒரு தடவ தப்புப் பண்ணிட்டேன்."

"தப்பெல்லாம் கோயில்ல போயிச் சொல்லுங்க. இங்கன தேதிய மட்டும் சொல்லுங்க."

ஆயுத பூஜை முடிந்த வாரம், மேலே மண் சரிந்து ரோடு அடைபட்டு, ஜீப்போடு அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டதாம். யார், எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. "அந்தம்மாவையும் வரச் சொல்லுங்க, அவுகளுக்கும் மருந்து வேணும்ல" என்றார் டாக்டர். சுருளிவேல் இவர் என்ன கிறுக்கரா என்பதுபோலப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு யார் மருந்து கொடுத்தார்கள், கொடுத்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"அதுக்கப்புறம் வீட்டுல?"

எங்கள் பக்கம் மனைவி என்று வாயால் சொல்கிற பழக்கம் கிடையாது. வீட்டுல என்றால் மனைவிதான். சுருளிவேல் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். தீபாவளிக்கு முன்னும் பின்னும், புண் வந்த பிறகும்.

"புள்ளைக?"

"இல்ல சார். கல்யாணமாகி வருசம் ஓடிப்போச்சு. கோயில் கோயிலாப் போயிக்கிட்டுருக்கோம்."

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். சுத்தமான, விளிம்பு கெட்டிப்பட்ட ஒற்றைப் புண். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. சிபிலிஸ் என்று நாங்கள் எழுதுவோம், பழைய ஆட்கள் மேகப்புண் என்பார்கள். அந்தப் புண்ணைப் போல ஏமாற்றுகிற புண் கிடையாது. வலிக்காது. எதுவும் செய்யாவிட்டாலும் சில வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆறியது போலக் காட்டிவிட்டுக் கிருமி ரத்தத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கர்ப்பிணியின் ரத்தத்தில் இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இவ்வளவு பொல்லாத நோய்க்கு மருந்து என்னவோ பழைய பென்சிலின்தான். ஆரம்பத்திலேயே வந்தால் ஒரே தடவையில் தீர்ந்துவிடும்.

அந்த ஊசியை நாங்கள் பெரிய ஊசி என்போம். வெள்ளைப் பொடியில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் கெட்டியாக, தோசைமாவை நீர்க்கக் கரைத்தது போல் இருக்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும், அதனால் தடித்த ஊசி. முதலில் முன்கையில் துளி போட்டு, தடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் அவசர மருந்து தயாராக இருக்க வேண்டும். அப்புறம் குப்புறப் படுக்கவைத்து, பாதியை ஒரு பக்கமும் பாதியை இன்னொரு பக்கமும், மெதுவாக, மிக மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஊசி அடைத்துக்கொள்ளும், வலியும் கூடும். மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிற அந்த ஆள் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

எழுந்து உட்கார்ந்ததும் டாக்டர் சொன்னார். "ஒங்களுக்குப் போட்டாச்சு. பாதி வேலைதான் முடிஞ்சுருக்கு. வீட்டுல கூட்டிட்டு வாங்க. அவுக ரத்தத்துல தெரிஞ்சாலும் தெரியாட்டியும் ஒரு ஊசி போட்டுறணும்."

"என்ன சொல்லிக் கூட்டியாரது சார்?"

"புள்ளைக்காக டெஸ்ட்டுன்னு சொல்லிக் கூட்டியாங்க. இங்கன வந்ததும் நீங்களே உள்ளதச் சொல்லுங்க. நாங்க சொல்ல மாட்டோம். ஆனா பக்கத்துல இருப்போம்."

"கூட்டியாரேன் சார்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அந்த நிமிஷத்தில் கூட்டி வருவதாகத்தான் இருந்தார்.

அடுத்த முறை புண்ணைக் காட்ட வந்தார். தனியாக, கறுப்பு வேட்டியில். வெறுங்காலில் சேறு. நாற்காலியைத் தள்ளிப் போட்டு, என் கை பட்டுவிடாத தூரத்தில் உட்கார்ந்தார்.

"வீட்டுல எங்க சாமி?" என்றேன்.

"மாலை போட்டுட்டேன்ல சிஸ்டர். இனிமே அவ பக்கமே போக மாட்டேன். அவளுக்கு எப்பிடி வரும்?"

"மாலைக்கு முந்திப் போயிருக்கீகல்ல."

சுருளிவேல் மாலையைக் கையால் பிடித்துக்கொண்டார். "அதுக்குத்தான் சிஸ்டர் மாலையே போட்டேன்."

அந்தப் பதிலில் எனக்கு இரக்கம்தான் வந்தது. மனைவியைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் முழு மனதோடு இறங்கியிருந்தார். விரதத்தில் குறை வைக்கவில்லை, அந்தக் குளிரில் இரண்டு வேளை பச்சைத் தண்ணீர்க் குளியல். டாக்டர் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சாமி, மாலை போட்ட நாள்ல இருந்து நீங்க விலகி இருக்கீக. நல்லது. ஆனா கிருமி அதுக்கு முந்தியே போயிருந்தா? விரதம் இனிமே வர்ற நாளத்தான் பாத்துக்கும். போன நாளுக்கு ஊசிதான்."

"மலைக்குப் போயிட்டு வந்ததும் மொத வேலையாக் கூட்டியாரேன் சார். மாலையப் போட்டுக்கிட்டு இந்தப் பேச்ச அவகிட்டப் பேச எனக்கு வாய் வரல. பாவம் சார்."

"மாலையக் கழட்டிட்டுச் சொல்லலாம்ல?" என்று நான் கேட்டேன்.

பாதியில் மாலையைக் கழற்றினால் ஊரே ஏன் என்று கேட்கும் என்றார். புண் ஆறியிருந்தது. அதுவேறு அவருக்குத் தெம்பாகப் போய்விட்டது. எங்கள் ஊசியில் ஆறியதை ஐயப்பன் கணக்கில் எழுதிக்கொண்டார் என்று அவர் போன பிறகு நான் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை.

மார்கழியில் சுருளிவேலே போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மாலை போட்ட வீட்டில் பெண்களுக்கு விலக்கு என்றால் அந்த நாட்களில் வேறு வீட்டில் போய் இருக்க வேண்டும். அவர் மனைவி பாண்டீஸ்வரிக்குப் பக்கத்துத் தெருவில் சித்தி வீடு. கார்த்திகை முடிந்தும் அவள் அங்கே போகவில்லை. மாமியார் நாள் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

"சிஸ்டர், வீட்டுல முழுகாம இருக்கா. இத்தன வருசம் இல்லாதது, இந்த வருசம் மாலை போட்டேன், குடுத்துட்டாரு."

வாழ்த்துச் சொல்ல வேண்டிய நேரத்தில், "நாளைக்கே கூட்டியாங்க, ஒரு நாளும் தள்ளாதீக. இப்ப அந்த ஊசி அவுகளுக்கு மட்டும் இல்ல, புள்ளைக்கும்" என்றேன்.

"ஊசி போட்டாக் கலைஞ்சுராதா?"

"இந்த ஊசி கலைக்காது. போடலைன்னாத்தான் ஆபத்து. நான் பிரசவ வார்டுல இருந்தவ, என்னைய நம்புங்க."

"எங்கம்மா அஞ்சு மாசம் வரைக்கும் வாசப்படி தாண்ட விடமாட்டாக. ஜீப்புல குலுங்கக் கூடாதுங்குறாக. கண்ணு பட்டுரும்னு யாருக்கும் சொல்லவும் இல்ல. ஒங்ககிட்டத்தான் மொத மொத சொல்றேன் சிஸ்டர்."

அதற்குப் பிறகு என் நம்பரை அவர் எடுக்கவில்லை. டாக்டர் போன் செய்தார், அதையும் எடுக்கவில்லை. எங்களுக்கு ஒரு வழிதான் இருந்தது. கணவன் விஷயத்தைச் சொல்லாமல், எல்லாக் கர்ப்பிணிகளையும் பதிவு செய்வது போல இவளையும் பதிவு செய்து ரத்தம் எடுத்துவிட்டால் போதும், ரத்தமே சொல்லிவிடும். அந்த ஊர்க் கிராம சுகாதார நர்ஸிடம் சொல்லிவிட்டோம். அவள் வீட்டுக்குப் போனாள். மாமியார் வாசலிலேயே நின்று, "எங்க வீட்ல யாரும் மாசமா இல்லத்தா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுபடி போனபோது வீடு பூட்டியிருந்தது. வாசப்படி தாண்டக் கூடாது என்றவர்களே, நர்ஸ் வந்து போனதும் பாண்டீஸ்வரியை ஜெயமங்கலத்தில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அங்கே உள்ள நர்ஸுக்குச் சொல்லி, அவள் விசாரித்து, அந்தத் தெருவில் அதே பெயரில் இருந்த வேறொரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, இப்படியே தை போய் மாசி போய்விட்டது.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் டாக்டரிடம் கேட்டேன், கோபமாகவே கேட்டேன். ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர் வீட்டு வாசலில் போய்ச் சொன்னோம் என்று தெரிந்தால், அப்புறம் அந்த ரூமுக்கு ஒருவரும் வரமாட்டார்கள், வராதவர்களின் மனைவிகளுக்கு யார் ஊசி போடுவது என்றார். அவர் சொன்னது சரி. சரி என்று தெரிந்தும் எனக்கு ஆறவில்லை. அவருக்கும் ஆறவில்லை, மூன்றாவது முறையாக ஜெயமங்கலம் நர்ஸுக்குப் போன் செய்தது அவர்தான். அந்தப் போனுக்குப் பிறகுதான் வீடு சரியாகத் தெரிந்தது. அந்த நர்ஸ் போனபோது, வேண்டுதலுக்காக வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள், வந்ததும் ஆஸ்பத்திரிக்கு வருகிறோம் என்று பாண்டீஸ்வரியின் அப்பா சொல்லியிருக்கிறார்.

திருவிழா முடிந்த வாரம் பாண்டீஸ்வரி வந்தாள். ஏழாம் மாசத்திலேயே வலியோடு, ஆம்புலன்சில், எங்கள் ஆஸ்பத்திரிக்கே. இரண்டு நாளாக அசைவு தெரியவில்லை என்று சொன்னாளாம். பிரசவ வார்டில் இருந்த என் பழைய சிநேகிதி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஆண் பிள்ளை. வயிறு உப்பி, தோல் உரிந்து. நான் பார்த்தேன், அதற்குமேல் எழுத மாட்டேன். தாயின் ரத்தத்தைச் சோதித்தார்கள், இருந்தது.

வார்டிலிருந்து விடுவதற்கு முன் இருவரையும் எங்கள் ரூமுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் அவளை நான் முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த பெண், முகம் வீங்கியிருந்தது, கையில் திருவிழாவில் கட்டிய மஞ்சள் கயிறு. பால் கட்டிக்கொண்டதால் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். சுருளிவேல் சுவரோரம் நின்றார். டாக்டர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "நீங்க சொல்லுங்க" என்றார். சுருளிவேல் சொன்னார். மண் சரிந்தது, மேலே தங்கியது, புண், ஊசி, கூட்டி வரச் சொன்னது, வராதது, எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை.

பாண்டீஸ்வரி அவரைப் பார்க்கவேயில்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"அன்னைக்கே எனக்கும் அந்த ஊசியப் போட்டுருந்தா, பிள்ள இருந்துருக்குமா சிஸ்டர்?"

மருத்துவத்தில் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது என்று படித்திருக்கிறேன். டாக்டரைப் பார்த்தேன். அவர் சன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"பெரும்பாலும் இருந்துருக்கும் ஆத்தா" என்றேன்.

அந்த வருஷம் கார்த்திகைக்கு முன்பே டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். மாலை போட்டு வருகிற எவரிடமும் நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி. மாலை என்றைக்குப் போட்டீர்கள்? அதற்கு முந்தி வீட்டில் கடைசியாக எப்போது? பதிலைக் கேட்டுவிட்டு, மாலையோடே மனைவியைக் கூட்டி வரலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை என்று நாங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். அதை ஒரு குருசாமியை விட்டே சொல்லவைக்க ஏற்பாடு செய்தார். வயதான ஒரு குருசாமி, பெரியகுளத்துப் பக்கம் பருத்தி வியாபாரி, விஷயத்தைக் கேட்டுக் கண்கலங்கிப்போய், "அந்தச் சாமிகள எங்கிட்ட அனுப்புங்க, நான் பேசுறேன்" என்று ஒத்துக்கொண்டார். அதற்குப் பின் பல பெண்கள் நேரத்துக்கு வந்தார்கள். பிள்ளை பெற்று எடுத்துக்கொண்டு வந்து காட்டியவர்களும் உண்டு. புது சிஸ்டருக்கு நான் போனில் சொன்னது இந்த இரண்டு கேள்வியைத்தான். வேலைக்கு அது போதும்.

ஆனால் எனக்குச் சோறு இறங்காமல் போனது வேலையைப் பற்றி இல்லை.

பாண்டீஸ்வரிக்கு எப்போது தொற்றியது என்று நிச்சயம் இல்லாததால் வாரம் ஒன்றாக மூன்று தடவை ஊசி. மூன்று வாரமும் ஜெயமங்கலத்திலிருந்து பஸ் மாறி மாறித் தனியாகத்தான் வந்தாள். சுருளிவேல் கூட வர முயன்றதாகவும், அவள் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன். முதல் இரண்டு தடவையும் வாய் திறக்கவில்லை. ஊசி ஏறும்போது முனகக்கூட இல்லை.

மூன்றாம் தடவை, போட்டு முடித்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டே பேசினாள்.

"மாலை போட்டுருந்த அம்புட்டு நாளும் நான் வெள்ளன எந்திரிச்சுக் குளிச்சுட்டு, ஈரத்தலையோட அவுக கால்லதான் சிஸ்டர் விழுந்தேன். மாலை போட்டவுக சாமி இல்லையா, அவுககிட்டத்தான் கேட்டேன். எனக்கு ஒரு பிள்ளையக் குடு சாமி, குடுத்ததக் காப்பாத்திக் குடு சாமின்னு. விபூதி குடுப்பாக. நான் பிள்ளைக்குத்தான் கேக்குறேன்னு அவுகளுக்குத் தெரியும். ஊசி எங்க இருக்குன்னும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நின்னுருக்காக சிஸ்டர்."